தைத்துப் பார்த்தால்தான் புரியும் காகிதம்

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பல ஆண்டுகளாக வேரூன்றியிருக்கும் ஒரு பொழுதுபோக்கு நம் வாசகர்களுக்கு அதிகம் அறிமுகமாகவில்லை. 1930, 40, 50களில் அச்சான தையல் பேட்டர்ன்களையும் (துணியை வெட்ட உதவும் காகித மாதிரிகள்) ஸ்வெட்டர் பின்னும் குறிப்புகளையும் தேடிப் பிடித்து, அவற்றில் உள்ளபடியே துணி வெட்டித் தைப்பதும் கம்பளி நூலில் பின்னுவதும்தான் அது. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1940களின் பின்னல் குறிப்புகளைப் பொதுமக்கள் எடுத்துப் பயன்படுத்த இணையத்தில் தந்திருக்கிறது. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் தையல் பேட்டர்ன்களுக்கென்றே ஓர் ஆவணக் காப்பகம் இயங்குகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பழைய நாகரிகத்தின் மீதான மோகமாகத் தெரியலாம். மோகமும் அதில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சாதாரண மக்கள் எப்படி உடுத்தினார்கள், எதைச் சிக்கனப்படுத்தினார்கள், எவ்வளவு உழைத்தார்கள் என்று அறிய இது ஒரு முறையான வழி என்பது என் துணிபு. அந்தக் காகிதங்களில் உள்ளதைச் செய்து பார்க்காமல் அவற்றை முழுதாகப் படிக்க முடியாது.

முதலில், உடையை விட்டுவிட்டுக் காகிதத்தை ஏன் நாட வேண்டும் என்று பார்க்கலாம். அருங்காட்சியகங்களுக்கு வந்து சேர்பவை பெரும்பாலும் திருமண உடைகளும் விருந்து உடைகளும்தான். அவற்றை அணிந்தது சில முறையே என்பதால் அவை தப்பின. அன்றாட உடைக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை. கிழியும்வரை உடுத்தினார்கள், பெரியவர் உடையைப் பிள்ளைக்கு வெட்டித் தைத்தார்கள், கம்பளி ஸ்வெட்டரைப் பிரித்து, நூலை அலசிக் காயவைத்து, வேறொன்றாகப் பின்னினார்கள். உடை அழிந்த இடத்தில் அதற்கான செய்முறைக் காகிதம் மட்டும் இழுப்பறைகளில் தங்கியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எபினேசர் பட்டரிக் என்ற தையற்காரர் 1863இல் ஒரே உடையைப் பல அளவுகளில் காகிதத்தில் வெட்டி விற்கத் தொடங்கியபின், இந்தக் காகிதங்கள் பெருமளவில் வீடுகளுக்குள் வந்தன. விலை குறைவு என்பதால் யாரும் இவற்றை வரலாற்று ஆவணமாக எண்ணவில்லை. அந்த எண்ணத்தை மாற்றியவர்களில் ரிச்சர்ட் ரட் முக்கியமானவர். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஆயராக இருந்தவர். தாமே பின்னத் தெரிந்தவர். கைப்பின்னலின் வரலாற்றை 1987இல் நூலாக வெளியிட்டார். அவர் சேர்த்த நூல்கள் இன்று சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வின்செஸ்டர் கலைப்பள்ளி நூலகத்தில் இருக்கின்றன.

காகிதம் தப்பிவிட்டாலும், அது எளிதில் பேசுவதில்லை. பழைய தையல் பேட்டர்ன்கள் பலவற்றில் ஒரு கோடுகூட அச்சாகியிருக்காது. மெல்லிய தாளில் சிறிதும் பெரிதுமாகத் துளைகள் மட்டும் இருக்கும். எந்தத் துளை டார்ட் (உடலின் வளைவுக்கேற்பத் துணியை மடித்துத் தைப்பது) பிடிக்கும் இடம், எது துணியின் பாவு நூலுக்கு நேராக வைக்க வேண்டிய குறி என்பதைத் தைப்பவரே தெரிந்துகொள்ள வேண்டும். அளவு எண்களும் இன்றைய எண்கள் அல்ல. 1940களில் 16 என்ற அளவு 34 அங்குல மார்புச் சுற்றைக் குறித்தது. 1960களின் இறுதியில் எண்களை மாற்றியமைத்தபின் அதே 34 அங்குலத்துக்கு 12 என்று பெயர். பின்னல் ஊசியிலும் இதே சிக்கல் உண்டு. பழைய பிரிட்டிஷ் கணக்கில் எண் கூடக்கூட ஊசி மெலியும்: 8ஆம் எண் 4 மில்லிமீட்டர், 14ஆம் எண் 2 மில்லிமீட்டர். அமெரிக்கக் கணக்கு இதற்கு நேர்மாறானது. இவற்றையெல்லாம் தாண்டி உள்ளே போனால், 'மறுபக்கத்தையும் இவ்வாறே முடிக்கவும்' என்ற ஒற்றை வரியில் பல மணி நேர வேலை அடங்கியிருக்கும். பழைய சமையல் குறிப்பில் வரும் 'பதமாக இறக்கவும்' என்பதைப் போன்றது இது. சொல்லாமல் விட்டதெல்லாம் அன்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எது எல்லோருக்கும் தெரிந்ததோ, அதை எவரும் எழுதி வைப்பதில்லை; அதனாலேயே அது முதலில் மறைந்துபோகிறது. பின்னிக்கொண்டே வந்து ஓரிடத்தில் தடுமாறி நிற்கும்போதுதான், குறிப்பை எழுதியவர் வாசகரிடம் எந்தத் திறமையை எதிர்பார்த்தார் என்பது தெரியவரும்.

இதற்கு நல்ல சான்று போர்க்கால பிரிட்டன். 1941 ஜூன் 1 அன்று அங்கே துணிக்கும் ரேஷன் வந்தது. ஆளுக்கு ஆண்டுக்கு 66 கூப்பன். பின்வந்த ஆண்டுகளில் அது இன்னும் குறைந்தது. 1949இல்தான் கட்டுப்பாடு நீங்கியது. பெண்களுக்கான ஆயத்த ஸ்வெட்டர் ஒன்றுக்கு 5 கூப்பன் கொடுக்க வேண்டும். பின்னுவதற்கான கம்பளி நூலோ 2 அவுன்ஸுக்கு ஒரு கூப்பன். மெல்லிய மூன்றிழை நூலில், இடுப்போடு நிற்கும் ஸ்வெட்டருக்கு 6 அவுன்ஸ் நூல் என்று ஒரு குறிப்பு சொன்னால், மூன்று கூப்பனில் வேலை முடிந்தது. இரண்டு கூப்பன் மிச்சம். இந்தக் கணக்கைக் காகிதத்திலேயே போட்டுவிடலாம். அந்த இரண்டு கூப்பனுக்குக் கொடுத்த விலை என்ன என்பதைக் காகிதம் காட்டாது. அங்குலத்துக்கு எட்டுக் கண்ணி, பத்து வரிசை என்று குறிப்பு கேட்டால், ஒரு சதுர அங்குலத்துக்கு 80 கண்ணிகள். 34 அங்குலச் சுற்றும் 18 அங்குல நீளமும் கொண்ட உடல் பகுதிக்கு, அக்குளுக்கும் கழுத்துக்கும் விடுவதைக் கழித்தாலும், நாற்பதாயிரம் கண்ணிகளுக்குக் குறையாது. கைப்பகுதி தனி. பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் குண்டுவீச்சு அபாயம் என்றிருந்த காலத்தில் செய்த வேலை இது. நாற்பதாயிரம் என்ற எண்ணைப் படித்தவருக்கும் அத்தனை கண்ணிகளையும் ஊசியில் ஏற்றி இறக்கியவருக்கும் அந்த உழைப்பைப் பற்றிய அறிவு ஒன்றாக இருக்காது.

செய்து பார்ப்பது அவசர முடிவுகளையும் திருத்தும். போர்க்கால ஸ்வெட்டர்கள் குட்டையாக இருப்பதைப் பார்த்தவுடன், நூல் தட்டுப்பாடுதான் காரணம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் ரேஷனுக்கு முந்தைய 1930களின் குறிப்புகளிலும் அதே குட்டை வடிவம் உண்டு. நாகரிகம் முன்பே இருந்தது. சிக்கனம் பின்னால் வந்து அதோடு சேர்ந்துகொண்டது. பல வண்ண நூல்களில் பின்னும் ஃபேர் ஐல் முறையையும் அப்படியே சொல்லலாம். மிஞ்சிய துண்டு நூல்களுக்கு அது நல்ல வழிதான். ஆயினும் ஒரு வண்ணம் முன்னால் வரும்போது மற்றொன்று பின்பக்கம் ஓடிக்கொண்டே இருப்பதால், ஒரே பரப்புக்கு ஒற்றை வண்ணப் பின்னலைவிட நூல் கூடுதலாக இழுக்கும். அந்த முறை மிச்சப்படுத்தியது நூலின் எடையை அல்ல. வேறு எதற்கும் உதவாத துண்டுகளை. கையில் நூல் தீர்ந்துகொண்டே வரும்போது இந்த வேறுபாடு தானாக விளங்கும். பிரிட்டிஷ் கடற்கரை மீனவர்களின் கேன்சி ஸ்வெட்டரில் கைப்பகுதியைத் தோளிலிருந்து மணிக்கட்டு நோக்கிக் கீழே பின்னுவார்கள். முதலில் நைந்துபோவது மணிக்கட்டுப் பகுதி. அதை மட்டும் பிரித்துப் புதிதாகப் பின்ன இந்தத் திசைதான் வசதி. கிழிசலை முன்கூட்டியே எதிர்பார்த்து உடையைத் திட்டமிட்டிருக்கிறார்கள் என்பது பிரித்துப் பின்னும் கைக்கு உடனே புரிகிறது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றுள் வலுவானது ஒன்று உண்டு. பேட்டர்ன் என்பது விற்பனைப் பொருள். அட்டையில் இருப்பது நிறுவனம் காட்ட விரும்பிய கனவு. அதை எத்தனை பேர் உண்மையில் தைத்தார்கள் என்று யாருக்குத் தெரியும் என்பது அந்தக் கேள்வி. நியாயமான எச்சரிக்கை. அச்சான ஒரு தாளைக் கொண்டு ஊரே அப்படி உடுத்தியது என்று முடிவுகட்டக் கூடாது. ஆனால் பயன்படுத்திய பிரதிகள் தம் கதையைத் தாமே சுமந்து வருகின்றன. தம் அளவைச் சுற்றி இட்ட பென்சில் வட்டம், உயரம் குறைக்க மடித்த மடிப்பு, குண்டூசித் துளைகள், தொலைந்த பகுதிக்குப் பதிலாகச் செய்தித்தாளில் வெட்டிய துண்டு ஆகியவை ஒரு மனிதர் அங்கே நின்று வேலை செய்ததற்கான தடயங்கள். அந்த மடிப்பு எதற்காக என்பதை, அதே துண்டைத் துணியில் வைத்து வெட்ட முயல்பவர்தான் சரியாக ஊகிப்பார்.

இன்றைய நூலும் இன்றைய உடலும் வேறு. பிறகு எப்படி அது பழைய உடையாகும் என்றும் கேட்கிறார்கள். அதே உடை ஆகாது என்பதை ஒப்புக்கொண்டுதான் இந்த வேலையைத் தொடங்க வேண்டும். அக்கால நூல் பல இன்று கிடையாது. இடுப்பை இறுக்கும் உள்ளாடையை இன்று யாரும் அணியத் தேவையில்லை. அதனால் முதலில் ஒரு சிறு சதுரம் பின்னி, அங்குலத்துக்கு எத்தனை கண்ணி விழுகிறது என்று பார்த்து நூலையும் ஊசியையும் மாற்றுகிறார்கள். தைப்பவர்கள் மலிவான காடாத் துணியில் ஒருமுறை தைத்து, உடம்பில் வைத்துப் பார்த்துத் திருத்துகிறார்கள். ஜேன் வாலர் பழைய பின்னல் குறிப்புகளைத் திரட்டி 1972இல் வெளியிட்ட நூல், 2008இல் சூசன் கிராஃபோர்டின் துணையோடு மறுபதிப்பு கண்டபோது, இன்றைய அளவுகளையும் இன்று கிடைக்கும் கம்பளி நூல்களையும் சேர்த்துக்கொண்டது. எங்கே மாற்ற வேண்டியிருந்தது என்பதே அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள தூரத்தை அளந்து சொல்கிறது. மாற்றியதைக் குறித்து வைக்கும்வரை இதில் நேர்மைக் குறைவு ஏதுமில்லை.

பெண்கள் கூலியின்றி உழைத்த காலத்தைக் கொண்டாடுவதா என்பது இன்னும் ஆழமான கேள்வி. அட்டைப் படத்தோடு நின்றுவிட்டால் அந்த ஆபத்து உண்மையில் இருக்கிறது. சிரித்த முகமும் சீவிய கூந்தலும் உழைப்பை மறைத்துவிடும். அந்த மறைப்பை விலக்குவது செய்முறைதான். 1943இல் பிரிட்டிஷ் அரசு, இருப்பதைப் பழுதுபார்த்து உடுத்துங்கள் என்று வழிகாட்டும் சிறுநூல் ஒன்றை வெளியிட்டது. அதில் சொன்னபடி ஒரு பழைய ஸ்வெட்டரைப் பிரித்துச் சிட்டம் கட்டி அலசி மறுபடி பின்னியவர், அந்த அறிவுரையின் பாரம் யார் தோளில் விழுந்தது என்பதைக் கேட்கத் தொடங்குவார். கடையில் வாங்குவதைவிட இதற்குச் செலவு கூடுதல் என்பதும் மெய்தான். சிக்கனம் என்று சொல்லி இதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் தானாகவே தைத்துக்கொண்டு கடைக்கு வரும் உடை என்று எதுவுமில்லை. கழுத்துப் பட்டியை ஒருமுறை ஒழுங்காகப் பொருத்தப் பாடுபட்டவர், திருப்பூரில் நாள்முழுதும் அதையே செய்யும் கைகளின் திறமையைக் கூடுதல் மதிப்போடு பார்ப்பார். விலைச் சீட்டு சொல்லாத செய்தி அது.

தமிழ்நாட்டில் காகிதப் பேட்டர்ன் வீடுகளில் அவ்வளவாகப் பரவவில்லை. அளவு ரவிக்கையைக் கொடுத்துவிட்டு வருகிறோம். தையற்காரர் சாக்கட்டியால் துணியிலேயே கோடு போட்டு வெட்டுகிறார். எனவே நம் அன்றாட உடையின் அறிவு பெரும்பாலும் கைகளிலேயே இருந்து கைகளோடு போய்விடுகிறது. நமக்கென்று எஞ்சியவை தையல் வகுப்பு நோட்டுகள். அளவுக் கணக்கு, வரைபடம், ஒட்டி வைத்த சிறு மாதிரிகள் என்று அவற்றில் ஒரு காலத்தின் வெட்டும் வடிவும் பதிவாகியிருக்கின்றன. பிரிட்டனின் பின்னல் குறிப்புகளுக்குக் கிடைத்த மதிப்பு இவற்றுக்கும் கிடைக்க வேண்டும். வீட்டில் அப்படி ஒரு நோட்டு இருந்தால், யார், எந்த ஊரில், எந்த ஆண்டு எழுதியது என்று அதன் முதல் பக்கத்தில் குறித்து வைக்க வேண்டும். அதோடு அதில் உள்ள ஒரு ரவிக்கையையாவது அந்தக் கணக்கின்படியே வெட்டித் தைக்க வேண்டும். எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்தால், நோட்டில் விடுபட்டதை அவரிடமே கேட்டு எழுதிச் சேர்க்கலாம். பிரிட்டனின் பழைய குறிப்புகளைக் கையிலெடுத்தவர்களில் பலருக்கு அந்த வாய்ப்பு இல்லாமல் போனது. நமக்கு அது இன்னும் இருக்கிறது.