ஒரே சாஃப்ட்வேர், ஆயிரம் நகல்: மீண்டும் ஒன்றாக்குவது எப்படி?

3டி பிரிண்டர்களை இயக்கும் ‘மார்லின்’ சாஃப்ட்வேர் 2011-ல் வெளியானது. ஓப்பன் சோர்ஸ் என்பதால் ஆளாளுக்கு நகல் எடுத்து, தங்கள் பிரிண்டருக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். கிட்ஹப்பில் மட்டும் ஆயிரக்கணக்கான நகல்கள்!

இதில் என்ன சிக்கல்? ஹீட்டர் கட்டுக்கடங்காமல் சூடானால் தானாக நிறுத்தும் பாதுகாப்பு வசதி மார்லினில் பிற்பாடுதான் வந்தது. அதற்கு முன்பே பிரிந்துபோன நகல்களுக்கு அது தானாகப் போய்ச் சேராது. ஒவ்வொன்றிலும் யாராவது உட்கார்ந்து சேர்க்க வேண்டும். விட்டுப்போனால் தீ விபத்து அபாயம்.

இப்படிச் சிதறிய நகல்களை ஒரே குடும்பமாக்குவதுதான் ‘சாஃப்ட்வேர் புராடக்ட் லைன்’ மீட்பு. முதலில் எல்லா நகல்களின் கோடிங்கையும் ஒப்பிடுவார்கள். அனைத்திலும் இருப்பது பொது அடித்தளம். ஆட்டோ லெவலிங் உள்ள நகல்களில் மட்டும் ஒரு பகுதி தென்பட்டால், அது அந்த வசதிக்கான கோடிங்காக இருக்கலாம். எந்த வசதிக்கு எது தேவை, எதோடு எது ஒத்துவராது என்பதையும் குறித்துக்கொள்வார்கள். கடைசியில் ஒரு சோதனை: இந்தத் துண்டுகளைச் சேர்த்தால் பழைய நகல்கள் அப்படியே திரும்பக் கிடைக்க வேண்டும்.

ஆனாலும் ஒப்பீட்டுக் கருவி சொல்வது ஊகம்தான். எப்போதும் சேர்ந்தே வரும் இரண்டு வசதிகளை அதனால் பிரித்துப் பார்க்க முடியாது. கோடிங் எழுதியவரைத்தான் கேட்க வேண்டும், அவர் வேறு வேலைக்குப் போவதற்குள்!