துக்க வீட்டில் ஆடும் பறவை

சில வருசங்களுக்கு முன் அந்த ஆட்டத்தை ஒரு காணொளியில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மர முகமூடி போட்ட இருவர். பக்கத்தில் துணி போர்த்திய ஒரு பறவை நீண்ட அலகை ஆட்டி ஆட்டி வருகிறது. "இதென்ன கோமாளி வேலை?" என்று நினைத்தேன். அது மரண வீடு என்று பிறகுதான் விளங்கியது. வெட்கமாப் போச்சு.

அதன் பெயர் தோப்பிங்-தோப்பிங். பறவை வேடம் ஹுடா-ஹுடா எனப்படும். இந்தோனேசியாவின் வட சுமாத்திராவில், டோபா ஏரிக்குக் கிழக்கே வாழும் சிமலுங்குன் மக்களின் ஆட்டம் இது. அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், முஸ்லிம்களும் உள்ளனர்.

இதற்கு அவர்கள் ஒரு கதை சொல்வார்கள். மன்னன் ஒருவனின் பிள்ளை இறந்தது. தாய் உடலைவிட்டு அசையவில்லை, அடக்கவும் விடவில்லை. ஊரார் சிலர் முகமூடி அணிந்து, இருவாய்ச்சிப் பறவையின் அலகோடு முற்றத்தில் ஆடினார்களாம். அவள் எழுந்து வந்து பார்த்து நின்ற நேரத்தில் அடக்கம் முடிந்தது. ஆக, இந்த ஆட்டம் துக்கத்தைக் கேலி செய்வதல்ல. துக்கத்தில் உறைந்தவரை எழுப்புவது.

எல்லா மரணத்துக்கும் இதை ஆடமாட்டார்கள். பிள்ளைகள் யாவருக்கும் மணம் முடித்து, பேரப்பிள்ளைகளையும் கண்டு மறைந்த முதியவருக்கே உரியது. அந்த நிலையைச் 'சாயுர் மதுவா' என்பார்கள். கொன்ராங் எனும் மேளங்களும் சருனே எனும் குழலும் ஒலிக்கும். இருவாய்ச்சி உயிரைச் சுமந்து செல்லும் என்பது முன்னோர் நம்பிக்கை.

1903இல் ஜெர்மன் மிஷனரிகள் வந்தபின் மேளமும் ஆட்டமும் பழைய ஆவி வழிபாட்டின் மிச்சங்களாகப் பார்க்கப்பட்டன. 1946இன் சமூகப் புரட்சியில் அரச குடும்பங்கள் வீழ்ந்தன. அரண்மனைக் கலைகளுக்கு இருந்த ஆதரவும் போனது. பிற்காலத்தில் தேவாலயமே மேளத்தை ஏற்றுக்கொண்டது. தாராலாம்ஷா சராகி போன்ற கலைஞர்கள் சிமலுங்குன் பாடல்களையும் நடனங்களையும் தேடித் திரட்டினர். இன்று ரொண்டாங் பித்தாங் விழா மேடைகளில் இவற்றைப் பார்க்கலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சுமாத்திராவின் தலைக்கவச இருவாய்ச்சி 2015 முதல் மிக அருகிவரும் இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. மரத்தில் செதுக்கிய அலகே போதும். ஆட்டத்துக்கு அதனால் குறைவில்லை.

எனக்குள்ள கவலை வேறு. மேடையில் அடவு பிழைக்கும்; கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அங்கே அழுதுகொண்டிருக்கும் தாய் இல்லை. யாருக்காக ஆடுகிறோம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காவிட்டால், அவர்களும் என்னைப் போலச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.