உயிர் உருவாகும் கதை – 7: கர்ப்பப்பையில் ஒரு பெயர்ப்பிழை

ஒருவருடைய தோலை எடுத்துப் பிறர் உடலில் ஒட்டவைத்தால், அவ்வுடல் அதை அந்நியமென்று கண்டு சில தினங்களில் அழித்துவிடும் விதத்தை, யுத்தகாலத்தில் தீக்காயப்பட்டோரை முன்னிட்டுப் பீட்டர் மெடாவர் செய்த ஆராய்ச்சிகளின் வாயிலாகச் சென்ற வாரம் கண்டோம். அதே மெடாவர் 1953ஆம் ஆண்டில் ஒரு வினாவை எழுப்பினார்: தந்தையின் அம்சம் பாதியைத் தாங்கியதால் தாயின் சரீரத்துக்குப் பாதி அந்நியமாகிய சிசு, ஒட்டவைத்த தோலுக்கு நேரும் கதி தனக்கு நேராமல், பத்து மாதம் எவ்வாறு வளர்கிறது? தாய்க்கும் சேய்க்கும் இடையே தடுப்பு இருப்பதாலோ, அந்நியமென்று அறியத்தக்க பக்குவம் சிசுவுக்கு வராததாலோ, தாயின் காப்புச் சக்தி அக்காலத்தில் மந்தமடைவதாலோ இருக்கலாம் என்று அவரே மூன்று விடைகளும் சொல்லிப் பார்த்தார். காவல் அணுக்கள் சிசுவை நெருங்காதிருப்பதே க்ஷேமம் என்பதுதான் மூன்றிலும் அடங்கிய அபிப்பிராயம்.

பிற்காலத்தார் கண்டதோ இதற்கு நேர்மாறு. கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் கர்ப்பப்பையின் உட்படலத்தில் குழுமியிருக்கும் வெள்ளையணுக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 70 ஒரே இனத்தைச் சேர்ந்தவை. அந்த இனத்துக்கு விஞ்ஞானிகள் இட்டிருக்கும் பெயர் 'இயற்கைக் கொல்லி அணு'. 1975இல், எலியின் மண்ணீரலிலிருந்து எடுத்த சில அணுக்கள், முன்பழக்கம் ஏதுமின்றியே புற்றணுக்களைக் கொன்றதைக் கண்டு சூட்டிய அப்பெயர், அவற்றின் உறவினங்கள் கர்ப்பப்பையில் செய்யும் காரியத்துக்குச் சற்றும் பொருந்தவில்லை.

அக்காரியம் என்னவென்றால், கர்ப்பப்பைச் சுவரில் திருகு சுருளாக ஓடும் குறுகிய நாடிகளை, கருவின் வெளியுறையிலிருந்து புறப்பட்டு வரும் அணுக்களோடு சேர்ந்து, தசைக்கட்டு நெகிழச் செய்து, ரத்தம் நிதானமாகவும் நிறைவாகவும் பாயும் அகன்ற வாய்க்கால்களாக மாற்றுவதாகும். இவ்வணுக்களே இல்லாத எலிகளில் அந்நாடிகள் குறுகியபடியே நின்றுவிடுகின்றன. மனித கர்ப்பத்தில் இந்த வேலை அரைகுறையாக நின்றால், தாய்க்கு ரத்தக்கொதிப்பும் சிசுவுக்கு வளர்ச்சிக் குறைவும் நேரக்கூடும். ஆகவே, சிசுவுக்கு அன்னம் செல்லும் வழியை அகலப்படுத்துவோரில் ஒருவரைத்தான் நாம் கொலையாளி என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம்!

பிற அணுக்களை அடக்கிவைக்கும் 'ஒழுங்குபடுத்தும் டி அணுக்களும்' இங்கே உண்டு. அவற்றை நீக்கிய எலிகளில், வேற்றின ஆணால் உண்டான கருக்கள் அழிந்தன, தன்னின ஆணால் உண்டானவை பிழைத்தன. மெடாவரின் வினாவுக்கு இதைக் காட்டிலும் தெளிவான விடையை நான் அறியேன்.

பெயரால் விளைந்த தீங்கு சிறிதன்று. அடுத்தடுத்துக் கரு கலைந்து மனம் உடைந்த பெண்ணிடம், ரத்தத்தைச் சோதித்து, 'கொல்லி அணுக்கள் மிகுந்திருக்கின்றன' என்று சொன்னால், தன் உடலே தன் குழந்தையைக் கொன்றது என்றல்லவா அவள் இரவெல்லாம் புலம்புவாள்? அவளிடம் சொல்லவேண்டிய உண்மை வேறு: ரத்தத்தில் ஓடும் அவ்வணுக்களின் சுபாவம் ஒன்று, கர்ப்பப்பையில் வாழ்பவற்றின் சுபாவம் மற்றொன்று, கையிலிருந்து எடுத்த ரத்தத்தில் அவற்றை எத்தனை முறை எண்ணினாலும், கர்ப்பப்பைக்குள் நடப்பது அதில் தெரியாது.

(தொடரும்)