சிப்பி ஓடு நகைக்கல் ஆவது எப்படி?

புங்குடுதீவின் இறுப்பிட்டியில் ஒரு முத்துச்சிப்பி ஓடு கையில் கிடைத்தால், உள்புறத்தை வெயிலில் சரித்துப் பாருங்கள். பச்சையும் இளஞ்சிவப்பும் மாறி மாறி ஓடும். சாயம் எதுவுமில்லை. அரகோனைட் என்னும் சுண்ணக் கனிமம் மெல்லிய ஏடுகளாக அடுக்கியிருக்கிறது. ஏடுகளில் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து சில நிறங்களைக் கூட்டும், சிலவற்றை அழிக்கும்.

அம்மோலைட் என்ற அரிய கல்லிலும் இதே வித்தைதான். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்னும் உயிரினத்தின் ஓடு அது. அரியலூரிலும் அம்மோனைட் புதைபடிவங்கள் உண்டு; ஆனால் நகைக்கு ஏற்ற ஓடு வெட்டியெடுக்கப்படுவது புங்குடுதீவார் பலர் குடியேறிய கனடாவில், ஆல்பர்ட்டா மாகாணத்தின் தெற்கில். 1981இல் உலக நகை வணிகக் கூட்டமைப்பு அதை இரத்தினமாக ஏற்றது.

எப்படி எடுக்கிறார்கள்? இயந்திரம் களிப்பாறையை மெல்ல மெல்ல வழிக்க, பக்கத்தில் நிற்பவர்கள் மண்ணுக்குள் மினுக்கத்தைத் தேடுகிறார்கள். நிறம் காட்டும் படலம் பெரும்பாலும் 1 மில்லிமீற்றருக்கும் குறைவு, தொட்டால் உதிரும். ஆகவே பிசினை ஊறவிட்டு இறுக்கி, பிறகே வெட்டி மெருகேற்றுவார்கள்.

அப்போதும் அதன் கடினம் மோஸ் அளவில் ஏறத்தாழ 4 மட்டுமே. நம் வீட்டுத் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் மணலுக்கோ 7. வெறுமனே துடைத்தாலே கீறல் விழும். அதனால் அடியில் களிப்பாறைத் தகடும், மேலே ஸ்பினல் அல்லது குவார்ட்ஸ் மூடியும் ஒட்டிப் பதிக்கிறார்கள்.