நாலு ஏரி... ஒரே மழை! உங்க பேக்கப் எப்படி பாஸ்?

ஜி.என்.டி. ரோட்டுல பஸ்ல போகும்போது ஜன்னல் வழியா புழல் ஏரியைப் பார்த்திருப்பீங்க. 3,300 மில்லியன் கன அடி தண்ணி பிடிக்கும். 'இவ்வளவு பெரிய ஏரி இருக்கே, அப்புறம் சென்னைக்கு என்ன கவலை?'ன்னுதான் தோணும். ஆனா 2019 ஜூன்ல அதே ஏரி, பாளம் பாளமா வெடிச்சுக் கிடந்தது!

பூண்டி, சோழவரம், செம்பரம்பாக்கம்னு மத்த மூணும் அதே சமயத்துல கைவிரிச்சிடுச்சு. ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையில இருந்து ரயில் ஏறி வில்லிவாக்கத்துக்குத் தண்ணி வந்தது. ஏன்? ஏரி நாலு, ஆனா நாலும் நம்பியிருந்தது மழையை மட்டும்தான். அந்தக் கோடையிலும் நிக்காம தண்ணி கொடுத்தது கடல்! காட்டுப்பள்ளியில 2010-லயும், நெம்மேலியில 2013-லயும் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு ஆலைகள். ஒவ்வொண்ணும் தினம் 10 கோடி லிட்டர் கொள்ளளவு. மழை பொய்ச்சாலும் கடல் வத்தாது இல்லையா?

"சரி, இதை ஏன் கம்ப்யூட்டர் பக்கத்துல சொல்றே?"ங்கிறீங்களா? பேக்கப் மேட்டரும் அச்சு அசல் இதேதான் ஃப்ரெண்ட்ஸ்!

அட்மின் நீங்கதான்!

ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு செகண்ட்ஹேண்ட் பிசி, அதுல லினக்ஸ், அதுக்கு மேல நெக்ஸ்ட்கிளவுட், இம்மிச், மூடுல்... இப்போ நிறைய பேர் சொந்தமா சர்வர் வெச்சுக்கறாங்க. ஹாஸ்டல் கேங்குக்கு நோட்ஸ், வீட்டுக்கு போட்டோ ஆல்பம், டிபார்ட்மென்ட்டுக்கு அசைன்மென்ட் தளம். மாசா மாசம் வாடகை இல்லை, நம்ம டேட்டா நம்மகிட்டயே. கெத்துதான்!

ஆனா பெரிய கம்பெனிகள் சத்தமில்லாம செஞ்சிட்டிருந்த ஒரு வேலை இப்போ உங்க தலையில விழுது. ஒருநாள் ஹார்ட் டிஸ்க் 'கிர்ர்'னு முனகிட்டு படுத்துட்டா, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டோட சேர்ந்து மொத்த கேங்கோட நோட்ஸும் காலி. கஸ்டமர் கேர்னு போன் பண்ணினா, உங்க போன்தான் அடிக்கும்!

ஃபைல் வேற... டேட்டாபேஸ் வேற!

'ஃபோல்டரை காப்பி பண்ணி பென் டிரைவ்ல போட்டாச்சு'ன்னு நிம்மதியா இருக்கறவங்க கவனிங்க. மூடுல்ல நீங்க 'லேப் ரெக்கார்டு'ன்னு ஒரு ஃபைல் அப்லோடு பண்றீங்க. அது சர்வர்ல அந்தப் பேரோட உட்காராது. ஃபைலோட உள்ளடக்கத்தை வெச்சுக் கணக்குப் போட்டு எடுத்த 40 எழுத்துக் குறியீடுதான் அங்கே அதோட பேர். எந்தக் குறியீடு எந்த மாணவரோட ஃபைல்ங்கற விவரம் டேட்டாபேஸ்ல இருக்கு. ஃபோல்டரை மட்டும் காப்பாத்தினா, முகவரி கிழிஞ்ச 10,000 கவர்களை வெச்சிருக்கிற போஸ்ட்மேன் நிலைமைதான்!

இம்மிச்லயும் போட்டோ ஃபோல்டர்ல இருக்கும். ஆல்பம், 'இது அத்தை, இது சித்தப்பா'ன்னு நீங்க வெச்ச அடையாளமெல்லாம் டேட்டாபேஸ்ல.

'சரி, டேட்டாபேஸ் ஃபோல்டரையும் சேர்த்தே காப்பி அடிச்சிடறேன்'னா... அதுவும் தப்பு! ஓடிக்கிட்டிருக்கிற டேட்டாபேஸ் எந்நேரமும் எழுதிக்கிட்டே இருக்கும். காப்பியில முதல் பாதி பழசு, அடுத்த பாதி புதுசுன்னு வந்து, திறக்கவே மறுக்கலாம். அதனாலதான் போஸ்ட்கிரஸுக்கு 'பிஜி டம்ப்', மைஎஸ்க்யூஎல்லுக்கு 'மைஎஸ்க்யூஎல் டம்ப்'னு தனிக் கருவி. ஒரு குறிப்பிட்ட நொடியில டேட்டாபேஸ் எப்படி இருந்ததோ, அப்படியே எடுத்துக் கொடுத்துடும் (மைஎஸ்க்யூஎல்லுக்கு 'சிங்கிள் டிரான்சாக்ஷன்' ஆப்ஷனை மறக்காதீங்க). நெக்ஸ்ட்கிளவுட்னா பேக்கப் முடியற வரைக்கும் மெயின்டனன்ஸ் மோடுல போட்டுடறது நல்லது. அப்போதான் ஃபைலும் டேட்டாபேஸும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தும்.

டிபன் கேரியர் டெக்னிக்

எல்லா சர்வீஸுக்கும் சேர்த்து 300 வரியில ஒரே ஸ்கிரிப்ட் எழுதறது நம்ம பசங்க வழக்கம். நடுவுல ஒரு வரி தடுக்கினா, அதுக்குக் கீழே இருக்கற எல்லாமே அம்போ! சாம்பார், பொரியல், தயிர் சாதம்னு அடுக்கு அடுக்கா பிரிச்சு வைக்கிற டிபன் கேரியர்தான் சரியான மாடல். ஒரு அடுக்கு கெட்டாலும் அடுத்த அடுக்கைச் சாப்பிடலாம்.

'போர்க்மேட்டிக்'னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. 'போர்க்'ங்கற பேக்கப் கருவியை ஓட்டற டிரைவர் மாதிரி. ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரு சின்ன கான்ஃபிக் ஃபைல் எழுதி, அதுக்கான ஃபோல்டர்ல போட்டுட்டா, ஒண்ணொண்ணா எடுத்து ஓட்டும். ஒவ்வொரு ஃபைலும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொன்னா போதும்: எந்தெந்த ஃபோல்டர்? எந்த டேட்டாபேஸ்? எங்கே சேமிக்கணும்? எத்தனை காப்பி வெச்சுக்கணும்? ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஏதாவது செய்யணுமா?

எல்லாத்துக்கும் பொதுவான விஷயங்களைத் தனி ஃபைல்ல எழுதி மத்ததுல இணைச்சுக்கலாம். நாளைக்குப் புது சர்வீஸ் வந்தா, ஒரு அடுக்கு கூடும். அவ்வளவுதான்!

தினசரி 7, வாராந்திரம் 4, மாதாந்திரம் 6-னு வெச்சுக்கிட்டா மொத்தம் 17 காப்பி. டிஸ்க் ரொம்பிடுமேன்னு பயப்படாதீங்க. மாறாத பகுதியை போர்க் திரும்பச் சேமிக்காது. நேத்திலிருந்து மாறினது மட்டும்தான் கூடுதலா சேரும்.

நாலு காப்பி... ஒரே ரூம்!

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். 2019-ல வறண்ட அதே புழல் ஏரியில இருந்து உபரி நீர் திறந்துவிட்டாங்க. எண்ணூர் பக்கம் வெள்ளத்தோட எண்ணெய்க் கழிவும் கலந்து வந்தது. அந்த மாதிரி ஒரு நாள்ல, தரையில சர்வர், அதுக்குப் பக்கத்துலயே பேக்கப் ஹார்ட் டிஸ்க்னு வெச்சிருந்தா என்னாகும்? ரெண்டும் ஒண்ணாவே குளிக்கும்!

'அதெல்லாம் நமக்கு, பெரிய இடத்துல நடக்குமா?'ன்னா... நடந்திருக்கு. 2025 செப்டம்பர் 26-ம் தேதி தென் கொரியாவின் டேஜான் நகர அரசு டேட்டா சென்டர்ல பேட்டரியில தீப்பிடிச்சது. அரசு ஊழியர்கள் பயன்படுத்தின 'ஜி-டிரைவ்' அடியோட போச்சு. 858 டெராபைட்! அளவு ரொம்பப் பெருசுங்கறதால வெளியில பேக்கப்பே எடுக்கலையாம்.

இதுக்குத்தான் 3-2-1 ஃபார்முலா. மொத்தம் 3 காப்பி, 2 வகை சேமிப்பு, அதுல 1 வேற ஊர்ல. திருவொற்றியூர் ஃப்ரெண்ட் வீட்டுல வெச்சா? பரவாயில்லை, ஆனா புயல் வந்தா ரெண்டு பேருக்கும் ஒரே புயல்தான். சொந்த ஊர் மதுரையா, திருநெல்வேலியா? பாஸ்வேர்டு போட்டுப் பூட்டின ஒரு டிஸ்க், பொங்கலுக்குப் போகும்போது பையில போகட்டும். பாட்டி வீட்டு அலமாரிதான் உங்க காட்டுப்பள்ளி!

திறந்து பார்த்தாச்சா?

2017 ஜனவரி 31. கிட்லேப் நிறுவனம். ராத்திரி களைப்புல ஒரு இன்ஜினீயர், உபரி சர்வர்ல அழிக்க வேண்டிய ஃபோல்டரை மெயின் சர்வர்ல அழிச்சிட்டார். சுமார் 300 ஜிபி டேட்டாபேஸ், சில நொடியில! 'பேக்கப் இருக்கே'ன்னு போய்ப் பார்த்தா, பெட்டி காலி. டேட்டாபேஸ் ஒரு வெர்ஷன், டம்ப் கருவி பழைய வெர்ஷன். அதனால டம்ப் தினமும் தோத்துக்கிட்டே இருந்திருக்கு. தோத்துப் போச்சுன்னு போன எச்சரிக்கை மெயிலும் போய்ச் சேரலை! வேற வேலைக்காக ஒருத்தர் 6 மணி நேரம் முன்னாடி எடுத்து வெச்சிருந்த காப்பிதான் காப்பாத்துச்சு. நடந்ததை ஒளிக்காம அவங்களே உலகத்துக்குச் சொன்னாங்க. அதுக்கு ஒரு சல்யூட்!

திருப்பி எடுத்துப் பார்க்காத பேக்கப், எழுதாத பரீட்சை மாதிரி. பாஸா ஃபெயிலான்னு யாருக்கும் தெரியாது.

இந்த வீக் எண்டுக்கு ஹோம்வொர்க்

* உங்க சர்வீஸ் ஒவ்வொண்ணுக்கும் ஃபோல்டர் எது, டேட்டாபேஸ் எதுன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க.
* ஒரு சர்வீஸுக்கு ஒரு கான்ஃபிக் ஃபைல். முதல்ல ஒண்ணே ஒண்ணு செஞ்சு பாருங்க.
* பேக்கப்பைத் திறக்கற சாவியையும் பாஸ்வேர்டையும் அதே சர்வர்ல மட்டும் வைக்காதீங்க. பிரின்ட் எடுத்து பீரோவுல வைங்க.
* பேக்கப் தோத்தா உங்க போனுக்குத் தகவல் வருதான்னு, வேணும்னே தோக்க வெச்சு டெஸ்ட் பண்ணுங்க.
* வேற ஒரு கம்ப்யூட்டர்ல காலியா இருக்கற மூடுலையோ நெக்ஸ்ட்கிளவுடையோ போட்டு, பேக்கப்பை அதுல திருப்பி ஏத்துங்க. போன வாரம் போட்ட ஒரு ஃபைல் சரியான பேரோட திறந்தா... நீங்க பாஸ்!

மொத்தமா ஒரு சனிக்கிழமை மதியம் போகும். அக்டோபர்ல வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்கிறதுக்குள்ள முடிச்சிடுங்க பாஸ்!