மல்லரங்கும் போர்க்களமும்

காண்போர் உவக்க ஆடுவது கூத்து. எதிர்ப்போரை வெல்லப் பொருவது போர். இரண்டிற்கும் உடல்வலி வேண்டும். இரண்டிற்கும் நீண்ட பயிற்சி வேண்டும். எனினும், இரண்டும் ஒன்றாகா. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடல்களுள் மல்லாடலும் ஒன்று. திருமால் மல்லராய் நின்று அவுணனை வென்ற செயலை ஆடிக் காட்டுவது அது. ஆயினும், மல்லாடல் ஆடியமையால் மாதவியை மல்லர் என்பார் யாரும் இலர். ஆடுவது வேறு, பொருவது வேறு என்னும் இவ்வுண்மையை அமெரிக்க நாட்டில் அண்மையில் நிகழ்ந்த ஒரு வரலாறு நன்கு விளக்கும்.

அந்நாட்டில் தொழில்முறை மல்யுத்தம் என்னும் பொழுதுபோக்கு மிகவும் புகழ் பெற்றது. அதில் வெல்பவர் யார், தோற்பவர் யார் என்பது முன்னரே வகுக்கப்பட்டிருக்கும். இருவரும் பகைவர் போலச் சீறுவர். ஆனால், ஒருவர் உடலை மற்றவர் காத்தே ஆடுவர். எறிபவர் எறியும் வகையை அறிவார். விழுபவர் விழும் வகையை அறிவார். அதனை எளிய தொழில் என்று இகழ்தல் கூடாது. எலும்பு முறிதலும் தசை கிழிதலும் அங்கும் உண்டு.

அவ்வரங்கில் பெரும்புகழ் பெற்றவர்களுள் ஒருவர் சி. எம். பங்க். அவருடைய இயற்பெயர் பிலிப் புரூக்ஸ். 1978-ஆம் ஆண்டு சிகாகோ நகரில் பிறந்த இவர், 2011-ஆம் ஆண்டு முதல் 2013-ஆம் ஆண்டு வரை தொடர்ந்து 434 நாள்கள் முதன்மைப் பட்டம் தாங்கி விளங்கினார். 2014-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வரங்கை விட்டு நீங்கினார். அவ்வாண்டு டிசம்பரில், தாம் கலப்புப் போர்க்கலையில் இறங்கப் போவதாக அறிவித்தார். அப்பொழுது அவருக்கு அகவை 36.

கலப்புப் போர்க்கலையாவது யாது? குத்துச்சண்டை, உதைச்சண்டை, மற்போர், ஜியு ஜிட்சு முதலிய பல கலைகள் ஒருங்கே பயன்படும் போட்டி அது. வீரர் இருவர் எண்கோண வடிவான கம்பிவலைக் கூண்டினுள் பொருவர். ஒரு சுற்று ஐந்து நிமிடம். பொதுவாக மூன்று சுற்றுகள். நின்று தாக்குதல், பற்றி வீழ்த்துதல், தரையில் கிடந்து மடக்குதல் என அதற்கு மூன்று நிலைகள் உண்டு. இவற்றுள் ஒன்றில் குறையுடையவரை எதிரி அந்நிலைக்கே இழுத்துச் செல்வார். ஆதலின், மூன்றையும் கற்றல் இன்றியமையாதது.

புரூக்ஸ் மில்வாக்கி நகரை அடைந்து, டியூக் ரூஃபஸ் என்னும் ஆசிரியரிடம் மாணாக்கரானார். பல்லாயிரவர் ஆரவாரத்திடையே நடந்து பழகியவர், இளைஞர் பலருடன் கைகோத்துக் கால் நிறுத்தும் முறையை முதலிலிருந்து கற்கலானார். இத்தகைய மாணாக்கர்க்கு உள்ள இடர்ப்பாடு புதியது கற்றல் மட்டுமன்று. பழையது மறத்தலும் ஆம். மல்லரங்கில் அடி மெல்லப் படவேண்டும், ஓசை மட்டும் பெரிதாய் எழவேண்டும். கூண்டிலோ ஓசை வேண்டா. அடி ஆழப் பதியவேண்டும். மல்லரங்கில் முதுகு தரையில் பட மூன்றெண்ணும் வரை கிடந்தவர் தோற்றவராவர்; எனவே, குப்புறப் புரண்டு தப்புதல் அங்கு இயல்பு. கூண்டில் எதிரிக்கு முதுகைக் காட்டுதலோ கழுத்தை நீட்டுதற்கு ஒப்பாகும். அங்கு உயிர் காத்த பழக்கமே இங்கு உயிர்நிலையைக் காட்டிக் கொடுக்கும்.

பயிற்சிக் கூடத்தில் மற்றொரு வழக்கமும் உண்டு. பிடியில் அகப்பட்டவர் எதிரியின் உடலிலோ தரையிலோ கையால் தட்டுவார். ‘தோற்றேன், விடுக’ என்பது அதன் பொருள். தொடக்க மாணாக்கர் ஒரு நாளில் பன்முறை தட்ட நேரும். தட்ட நாணுபவர் கை கால் முறிவார். தட்டியவர் மறுநாளும் கற்க வருவார்.

இடையே தோளிலும் முதுகிலும் ஊறு நேர்ந்தது. 2016-இல் முதுகில் அறுவை மருத்துவமும் நிகழ்ந்தது. இவற்றைக் கடந்து, அவ்வாண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் கிளீவ்லாந்து நகரில் புரூக்ஸ் களம் புகுந்தார். எதிரி மிக்கி கால் என்னும் 24 அகவை இளைஞர். தொடங்கிய சில நொடிகளிலேயே அவர் புரூக்ஸை வீழ்த்தினார். பின்புறமாகக் கழுத்தை வளைத்து இறுக்கினார். கழுத்தின் இருபுறமும் மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய்களை அடைப்பது அப்பிடி. விடாவிடின் ஏறத்தாழப் பத்து நொடிகளில் அறிவு மயங்கும். புரூக்ஸ் தட்டினார். இரண்டு நிமிடம் பதினான்கு நொடிகளில் போர் முடிந்தது.

இதற்கு மாறான வரலாறும் உண்டு. பிராக் லெஸ்னர் என்பாரும் மல்லரங்கின் கூத்தரே. அவரும் 2008-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இவ்வமைப்பின் களத்தில் ஆடிய முதற்போட்டியில் தோற்றார். ஆனால், அவ்வாண்டு நவம்பரிலேயே பெரும்பட்டம் வென்றார். காரணம் யாது? அவர் கூத்தராகுமுன்பே உண்மையான மற்போரில் வல்லவர். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கல்லூரிகளின் மற்போர்ப் போட்டியில் முதலிடம் பெற்றவர். இளமையில் இட்ட உரம் பின்னாளில் விளைந்தது. புரூக்ஸ் இட்ட உரமோ ஏறத்தாழ இருபது மாதத்தது.

பல்லாண்டு உழைத்தும் அக்களம் காணாதார் பலர் இருக்க, பழம்புகழ் ஒன்றே பற்றி இவர்க்கு இடம் தந்தது முறையோ எனச் சிலர் வினவினர். அவ்வினா நேரியதே. புகழ் வாயிலைத் திறந்துவிட்டது. உள்ளே வென்று தர அதனால் இயலவில்லை.

எனினும், புரூக்ஸ் பயிற்சியைக் கைவிட்டிலர். முயலாமையே மெய்யான தோல்வி என்னும் கருத்துப்பட அன்று களத்திலேயே பேசிய அவர், 2018-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் தம் பிறந்த நகரில் மீண்டும் பொருதார். மைக் ஜாக்சன் என்பவரோடு மூன்று சுற்றும் முழுமையாக நின்றார். நடுவர் மூவரும் அவர் தோற்றதாகவே தீர்ப்பளித்தனர். எதிராளிக்கு நிகழ்த்திய மருந்துச் சோதனை காரணமாக, பின்னர் அப்போட்டி முடிவற்றதாக அறிவிக்கப்பட்டது. இரண்டு நிமிடத்தில் வீழ்ந்தவர் பதினைந்து நிமிடம் நின்றார். அதுவே அவர் கற்றதன் அளவு. அதன்பின் அவர் கூண்டில் பொருதிலர். 2021-இல் மல்லரங்கிற்கே மீண்டார்.

மாணவர்களே! கற்றாரைப் போல் நடித்தல் எளிது, கற்றல் அரிது. ஒரு துறையில் பெற்ற பெயர் மற்றொரு துறையில் செல்லாக்காசு. இதனை அறிந்தும், பெரும்பெயர் பெற்ற ஒருவர் பலர் காண மாணாக்கராய் அமர்ந்தாரே, அவ்வுள்ளம் போற்றத்தக்கது. அதனினும் போற்றத்தக்கது, கற்கவேண்டிய பருவத்தில் கற்கத் தொடங்குவது. அப்பருவம் இப்பொழுது உங்கள் கையில் உள்ளது.