வைஸ் சிட்டி ஹீரோ புது லேப்டாப்பில் குண்டாகத் தெரிவது ஏன்? பழைய கேம்களை அகலத்திரையில் சரியாக விளையாடுவது எப்படி?

பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து 'ஜிடிஏ வைஸ் சிட்டி' ஆடிய தலைமுறை, இப்போது சொந்த லேப்டாப்பில் அதே கேமை மறுபடி இன்ஸ்டால் செய்துகொண்டிருக்கிறது. கேம் ஓபன் ஆகிறது, ரேடியோவில் பாட்டும் ஓடுகிறது. ஆனாலும் ஏதோ சரியில்லை. ஹீரோ டாமி வெர்செட்டி பக்கவாட்டில் உப்பிப்போய் நிற்கிறார். கார் சக்கரம் வட்டமாக இல்லை. மூலையில் இருக்கும் மேப், படுக்கவைத்த முட்டை மாதிரி தெரிகிறது.

லேப்டாப்பில் கோளாறா? கேம் ஃபைல் கெட்டுப்போச்சா? இரண்டும் இல்லை. திரையின் வடிவம் மாறிவிட்டது, அவ்ளோதான்.

12 இருந்த இடத்தில் 16

வைஸ் சிட்டி கம்ப்யூட்டருக்கு வந்தது 2003-ல். அன்றைக்கு மேசையில் இருந்த குண்டு மானிட்டர்களின் வடிவம் 4:3. அதாவது உயரம் 9 பங்கு என்றால் அகலம் 12 பங்கு. இன்றைய பெரும்பாலான திரைகள் 16:9. அதே 9 பங்கு உயரத்துக்கு அகலம் 16 பங்கு. 12-க்காக வரைந்த படத்தை 16-க்கு இழுத்தால், எல்லாமே மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பருத்துவிடும். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் மாணவர்கள் கைக்கு வந்ததும் அகலத்திரைதான். பலரும் 'கேம் இப்படித்தான் இருக்கும்போல' என்று பழகியே போனார்கள்.

பழைய குண்டு மானிட்டருக்கு இன்னொரு வசதி உண்டு. 640x480 கொடுத்தாலும் 1024x768 கொடுத்தாலும் அது இயல்பாகக் காட்டும். இப்போதைய எல்சிடி திரையில் புள்ளிகளின் எண்ணிக்கை நிலையானது. 640x480 படத்தை 1920x1080 புள்ளிகளில் நிரப்பச் சொன்னால், இல்லாத புள்ளிகளை அக்கம்பக்கத்து நிறத்தை வைத்து ஊகித்துப் போடும். படம் இழுபடுவது மட்டுமில்லாமல், கலங்கலாகவும் தெரிய அதுதான் காரணம்.

முதலில் செய்ய வேண்டியது: கறுப்புப் பட்டையை ஏற்றுக்கொள்வது

இரண்டு பக்கமும் கறுப்பாக இடம் விட்டு, நடுவில் சரியான அளவில் படம் தெரிந்தால் போதும். பலருக்கு இது 'திரை வீணாகுதே' என்று தோன்றும். ஆனால் கேமை உருவாக்கியவர்கள் பார்த்த படம் அதுதான். 1920x1080 திரையில் படம் 1440 புள்ளி அகலத்துக்கு வரும். இரண்டு ஓரத்திலும் 240 புள்ளிகள் கறுப்பாக இருக்கும்.

இதற்கு எந்த பேட்ச்சும் டவுன்லோட் செய்ய வேண்டாம். என்விடியா கார்டு என்றால் கன்ட்ரோல் பேனலில் டெஸ்க்டாப் அளவை மாற்றும் பக்கத்துக்குப் போய் 'ஆஸ்பெக்ட் ரேஷியோ' என்பதையும், ஸ்கேலிங் செய்ய 'ஜிபியு' என்பதையும் தேர்ந்தெடுக்கலாம். ஏஎம்டி சாஃப்ட்வேரில் 'ஜிபியு ஸ்கேலிங்'கை ஆன் செய்து, 'பிரிசர்வ் ஆஸ்பெக்ட் ரேஷியோ' என்று வைக்க வேண்டும். இன்டெல்லில் டிஸ்பிளே பகுதியின் 'ஸ்கேல்' என்பதற்குள் 'மெயின்டெய்ன் ஆஸ்பெக்ட் ரேஷியோ' இருக்கும். என்விடியா கார்டு உள்ள லேப்டாப்பிலும் திரையை இன்டெல் சிப்பே கவனித்துக்கொள்வது சகஜம். என்விடியா பக்கத்தில் இந்த ஆப்ஷனே காணோம் என்றால் இன்டெல்லில் தேடிப் பாருங்கள். பிறகு கேமுக்குள் போய் 1024x768 போன்ற ஒரு 4:3 அளவைத் தேர்வு செய்தால் வேலை முடிந்தது.

1366x768 திரை உள்ள பழைய விலைமலிவு லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இதில் அதிர்ஷ்டம். 1024x768 கேம் அதில் புள்ளிக்குப் புள்ளி அப்படியே உட்காரும். கலங்கலே இருக்காது.

டூம் மட்டும் வேற கணக்கு

டாஸ் காலத்து கேம்களில் இன்னொரு சிக்கல். 1993-ல் வந்த 'டூம்' 320x200 அளவில் ஓடியது. கணக்குப்படி இது அகலத்திரை மாதிரி தெரியும். ஆனால் அன்றைய மானிட்டர் அதை 4:3 ஆக உயரவாக்கில் நீட்டிக் காட்டியது. ஓவியர்களும் அதை மனதில் வைத்தே வரைந்தார்கள். இன்று அதை நீட்டாமல் காட்டினால் அரக்கர்கள் எல்லாம் குட்டையாகிவிடுவார்கள். டாஸ்பாக்ஸ் மென்பொருளின் செட்டிங்ஸ் ஃபைலில் 'ஆஸ்பெக்ட்' என்ற வரியை 'ட்ரூ' என்று மாற்றினால் உயரம் சரியாகும்.

உண்மையிலேயே அகலமாக்க முடியாதா?

முடியும். ஆனால் கேமுக்கு கேம் வித்தியாசப்படும். நல்ல முறையில் அகலமாக்கினால், பழைய படம் அப்படியே இருக்க இரண்டு பக்கமும் புதிதாகக் கொஞ்சம் உலகம் தெரியும். மோசமான முறையில் செய்தால் மேலேயும் கீழேயும் வெட்டி, 'இதோ அகலத்திரை' என்று காட்டும். 2007-ல் 'பயோஷாக்' வெளியானபோது நடந்தது இதுதான். புது அகல மானிட்டர் வாங்கியவர்கள், பழைய மானிட்டர்காரர்களைவிடக் குறைவாகவே பார்த்தார்கள். ரசிகர்கள் கொதித்த பிறகே, அதை மாற்றும் ஆப்ஷன் பேட்ச்சில் வந்தது. 1998-ல் வந்த 'ஹாஃப் லைஃப்' கேமுக்கு அகலத்திரைக் கோணத்தைச் சரிசெய்யும் வசதியை வால்வ் நிறுவனம் 2023 நவம்பரில், 25-ம் ஆண்டு அப்டேட்டில்தான் சேர்த்தது.

அதிகம் தெரிவது எப்போதும் நல்லதுதானா? அதுவும் இல்லை. 'டயாப்லோ 2' கேமின் புதுப்பிக்கப்பட்ட வடிவம் 2021-ல் வந்தபோது, மிக அகலமான 21:9 திரைகளில் முழு அகலத்துக்கும் காட்ட பிளிசார்ட் மறுத்து, 19:9 அளவோடு நிறுத்திக்கொண்டது. காரணம் சுவாரஸ்யமானது. அந்த கேமின் எதிரிகள் குறிப்பிட்ட தூரத்துக்குள் வந்தால்தான் நம்மைக் கவனிக்கும். அதைத் தாண்டிய தூரமும் திரையில் தெரிந்தால், அங்கிருந்தே அம்பு விடலாம்; எதிரி சும்மா நின்று அடிவாங்கும். திரையின் அகலமும் அந்த கேமின் விதிகளில் ஒன்றாக இருந்திருக்கிறது, யாரும் எழுதி வைக்காமலே.

ரீமேக் வாங்கினால் தொல்லை விட்டதா?

எப்போதும் இல்லை. வைஸ் சிட்டி உட்பட மூன்று ஜிடிஏ கேம்களின் 'டெஃபனிட்டிவ் எடிஷன்' 2021 நவம்பரில் வந்தது. அகலத்திரையில் ஓடியது சரிதான், ஆனால் பிழைகள் மலிந்திருந்தன. அதைவிடக் கோபத்தைக் கிளப்பியது, வெளியீட்டுக்கு முன்பே பழைய கேம்களின் ஆன்லைன் விற்பனையை ராக்ஸ்டார் நிறுத்தியதுதான். எதிர்ப்பு வலுத்ததும் மன்னிப்புக் கேட்டு, பழைய பிசி கேம்களைத் தன் ஸ்டோரில் மீண்டும் கொண்டுவந்தது. பழைய சிடி வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போடாமல் இருப்பது நல்லது.

பேட்ச் தேடுபவர்கள் கவனத்துக்கு

ரசிகர்கள் இலவசமாக எழுதிய அகலத்திரை பேட்ச்கள் வைஸ் சிட்டிக்கும் உண்டு. முட்டை மேப்பை அவை வட்டமாக்கிவிடும். ஆனால் அதே பெயரில் வைரஸ் வைத்திருக்கும் தளங்களும் உண்டு. எந்த கேமுக்கு எந்த பேட்ச் என்று 'பிசி கேமிங் விக்கி' தளத்தில் பார்த்துவிட்டு, அதில் உள்ள லிங்க் வழியாகப் போவதே பாதுகாப்பு. 'ஆன்டி வைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க' என்று வீடியோவில் யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

பேட்ச் போடும் முன் கேம் ஃபோல்டரை ஒரு காப்பி எடுத்து வைக்க வேண்டும். வைஸ் சிட்டியில் சேவ் ஃபைல்கள் கேம் ஃபோல்டரில் இருக்காது. டாக்குமென்ட்ஸுக்குள் 'ஜிடிஏ வைஸ் சிட்டி யூசர் ஃபைல்ஸ்' என்ற தனி ஃபோல்டரில் இருக்கும். அதையும் சேர்த்து காப்பி எடுங்கள்.